எழுதப்படாத கடன்



கண்ணியத்துக்குரிய ஜமாஅத்தார்களே, ஷரீஅத் என்றதும் நம் பிள்ளைகளுக்கு 'எதெல்லாம் கூடாது' என்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஏன் கூடாது என்று கேட்டால் அதட்டிவிடுகிறோம். ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அதட்டவில்லை, காரணம் சொன்னார். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்ற ஐந்தையும் காப்பதே சட்டங்களின் நோக்கம் என்று 'அல்முஸ்தஸ்ஃபா'வில் எழுதினார். கிரானடாவின் இமாம் ஷாத்திபி பின்னாளில் அதை விரித்துரைத்தார்.

உயிரைக் காப்பது என்னவென்று 2020 ஊரடங்கில் பார்த்தோம். ஜும்ஆ நின்றது, வீட்டிலேயே லுஹர் தொழுதோம். முணுமுணுத்தவர்களும் உண்டு. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு, போன வழியே திரும்பி வந்த உமர் (ரலி) அவர்களைவிட நமக்கு ஈமான் அதிகமா என்ன?

இன்று பொருளைப் பற்றித்தான் பேச வேண்டும். குர்ஆனிலேயே நீளமான வசனம் அல்பகராவின் 282. அது தொழுகையைப் பற்றியதல்ல, கடனைப் பற்றியது. தவணைக் கடனை எழுது, சாட்சி வை, சிறு தொகை என்று சலித்துக்கொள்ளாதே என்கிறது. அதில் ஒன்றைக் கவனியுங்கள்: வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். அவருக்கு விவரம் போதாது என்றால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். பணம் வைத்திருப்பவன் கை ஏற்கெனவே ஓங்கியிருக்கிறது. பேனாவையும் அவனிடமே கொடுத்துவிடக் கூடாதல்லவா?

நம் பக்கம் நடப்பது நேர்மாறு. தொகை நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்து, கூடவே இரண்டு வெற்றுக் காசோலை. கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. இப்போது அது கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. கடன் செயலியில் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிறான் பையன். போனில் உள்ள எண்கள், படங்கள் எல்லாம் போய்விடுகின்றன. தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமான மிரட்டல் வருகிறது. மானத்துக்குப் பயந்து உயிரை விட்டவர்கள் உண்டு. பொருளில் போட்ட ஓட்டை உயிர்வரை போகிறது. அதனால்தான் இமாம்கள் ஐந்தையும் சேர்த்தே சொன்னார்கள்.

வியாபாரத்திலும் இதே கதைதான். மரவள்ளிக் காட்டை வாய்ப்பேச்சில் விலை பேசுவது, கிழங்கு ஆலைக்குப் போனதும் மாவுச்சத்து பாயிண்ட் குறைந்துவிட்டது என்று விலையை இறக்குவது. எதிரே நிற்கும் விவசாயி எந்த மதத்தவராக இருந்தால் என்ன, அவர் ஹக் ஹக்தான்.

கைக்கூலிக்காக வாங்கும் கடனைச் சொல்லவே நா கூசுகிறது. மஹர் கொடுக்கக் கடமைப்பட்ட மாப்பிள்ளை வீடு, பெண்ணைப் பெற்றவரை வட்டிக்கடை வாசலில் நிறுத்துகிறது. இது ஹராமுக்கு மேல் ஹராம்.

கடன் எவ்வளவு கனமானது என்று பாருங்கள்: ஒரு ஜனாஸா வந்தபோது, மய்யித்துக்குக் கடன் இருக்கிறதா என்று கேட்டார்கள் நபி (ஸல்). இருக்கிறது, அடைக்க வழியில்லை என்றதும் தாம் தொழுவிக்காமல் விலகி நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள்.

ஆகவே சகோதரர்களே, வீட்டுக்குப் போனதும் கொடுத்தது, வாங்கியது இரண்டையும் தேதி போட்டு எழுதுங்கள். மச்சானிடம் வாங்கியதானாலும் எழுதுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று மனைவி மக்களுக்குச் சொல்லிவையுங்கள். வெற்றுத்தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அப்படிக் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர்கள் அந்தத் தாளை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.