பழகுநனுக்குரிய கடன்

தொழிற்பயிற்சியின் தரம் உயரவேண்டும் என்று பேசுகையில், பெரும்பாலும் எந்திரங்களையும் கட்டடங்களையுமே நாம் எண்ணுகிறோம். பயில வந்தவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது என்னும் வினா பின்தங்கிவிடுகிறது.

1852 பிப்ரவரியில் தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ தம் இளைஞன் ஒருவனுக்காகத் தச்சர் ஒருவரோடு செய்த ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. பிழையைச் சொல்லால் திருத்தவேண்டும், அடிக்கலாகாது. ஆண்டில் 15 நாள் விடுமுறை தரவேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல்களைச் செய்விக்கலாகாது. இக்கடைசி நிபந்தனையே நம்மை உறுத்துகிறது. தேநீர் வாங்கி வருவதிலும் பட்டறையைப் பெருக்குவதிலும் எத்தனை இளைஞரின் பயிற்சிக்காலம் கழிகிறது!

நம் நாட்டின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநர் கற்பவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது. ஆதலால் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. நியாயமே, கற்பித்தல் நடக்குமாயின். நடவாதபோது தொழிலாளிக்குரிய கூலியுமின்றி, மாணவனுக்குரிய கல்வியுமின்றி, மலிவான கையாளாக அவன் நிற்கிறான். சான்றிதழ் எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருப்பினும் இது அநீதியே. உழைப்பைவிட உழைப்பவனே முதன்மையானவன் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் தம் சுற்றுமடலில் போதித்தார். கற்பவனுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

வெல்டிங் பயில்பவன் இரும்பை வீணாக்கித்தான் கற்கிறான். குச்சிகளை எண்ணிக் கொடுத்துச் சிக்கனம் பேணும் நிலையத்தில், பிறர் செய்வதைப் பார்த்தே தேர்வெழுதி வெளியேறுகிறான். பின்னர் அவன் பற்றவைத்த ஏணியில் யாரோ ஏறுகிறார். திருச்சபை நடத்தும் பயிற்சி நிலையங்களின் வரவுசெலவுத் திட்டத்திலேனும், வீணாகவேண்டிய இரும்புக்கென ஒரு தொகை ஒதுக்கப்படுகிறதா?