முதலில் வருகிறவனின் பாடு

2011 மார்ச் 20, சேப்பாக்கம். உலகக் கோப்பை ஆட்டம், எதிரணி மேற்கிந்தியத் தீவுகள். முதல் ஓவரிலேயே ரவி ராம்பால் வீசிய பந்து டெண்டுல்கரின் மட்டையை உரசி கீப்பர் கைக்குப் போனது. நடுவர் ஸ்டீவ் டேவிஸ் அவுட் கொடுக்கவில்லை. டெண்டுல்கர் தானாகவே நடையைக் கட்டினார், 2 ரன்னில். பத்து நாள் கழித்து மொகாலியில் பாகிஸ்தானுடன் அரையிறுதி. 23 ரன்னில் இருந்தபோது சயீத் அஜ்மல் பந்தில் எல்பிடபிள்யூ என்று இயன் கோல்ட் விரலைத் தூக்கினார். இந்த முறை டெண்டுல்கர் நகரவில்லை, ரிவ்யூ கேட்டார். பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போவதாகத் திரை காட்டியது. பிழைத்து 85 எடுத்தார், ஆட்ட நாயகனும் ஆனார்.

பழவேற்காட்டில் என் அக்காள் வீட்டுத் திண்ணையில் இந்த இரண்டு ஆட்டங்களும் இன்னும் முடிந்தபாடில்லை. பையன்கள் வலைக்கிழிசலைத் தைத்துக்கொண்டே பேசுவார்கள். ஸ்ரீகாந்தா சேவாக்கா, நின்று ஆடுகிறவன் ஓப்பனரா அடித்து ஆடுகிறவன் ஓப்பனரா என்று ஆரம்பிக்கும் பேச்சு எப்படியும் ரிவ்யூவில் வந்துதான் நிற்கும். அவர்களில் ஒருவன் கேட்டான்: "அங்க யாரும் கேக்காமயே நல்லவரா போனாரு. இங்க நடுவர் போன்னு சொல்லியும் போவல. இதுல எது மாமா நெசம்?"

எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. மட்டையில் பந்து பட்டால் அதை முதலில் அறிவது கைதான். பெரும்பாலும் அந்த அறிவுக்கு இன்னொருவர் சாட்சி தேவையில்லை. எல்பிடபிள்யூ அப்படியல்ல. காலில் பட்ட பந்து படாமல் போயிருந்தால் எங்கே போயிருக்கும் என்பது நடக்காத ஒன்றைப் பற்றிய கேள்வி. பக்கவாட்டில் நிற்கும் மட்டையாளனுக்கு அது தெரியாது. நடுவருக்கும் ஊகம்தான். ஆக, சேப்பாக்கத்தில் தெரிந்ததை மறைக்காமல் போனார், மொகாலியில் தெரியாததைக் கேட்டார்.

இதைச் சொன்னதும் விஷயம் முடிந்துவிட்டதென்று நினைத்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அக்காள் வீட்டுக்காரர் முடிய விடவில்லை. "அது இருக்கட்டும் மச்சான். அந்த ரிவ்யூ யாருது? அவருதா, டீமுதா?" என்றார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. கடல் நீர் ஏறி இறங்கும் முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் இறால் நன்றாக விழும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்றொரு முறை. எந்த இடத்தில் எந்த நாள் யார் தொழில் செய்வது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். முதலில் படகை இறக்கினேன், என் கைத்திறன் பெரிசு என்பதெல்லாம் அங்கே செல்லாது. உன் முறை வந்தால் உன் பாடு.

ரிவ்யூவும் பொதுச்சொத்துதான். பதினோரு பேருக்கும் சேர்த்து இரண்டோ மூன்றோ தப்பு வாய்ப்புகள். ஆனால் சீட்டு கிடையாது, முறை கிடையாது. ஓப்பனர் போகும்போது பை நிறைந்திருக்கிறது. பதினோராவது ஆள் போகும்போது முன்னால் போனவர்கள் விட்டுவைத்ததுதான்.

2013 ஜூலையில் லார்ட்ஸில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவின் ஓப்பனர் ஷேன் வாட்சன் எல்பிடபிள்யூ ஆகி, ரிவ்யூ கேட்டு, அதையும் இழந்தார். அப்போது இருந்ததே இரண்டு. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஓப்பனர் கிறிஸ் ரோஜர்ஸ், ஸ்வான் வீசிய ஃபுல்டாஸில் எல்பிடபிள்யூ. மிச்சமிருந்த ஒன்றைத் தொடத் தயங்கினார், கேட்காமலே போய்விட்டார். அந்தப் பந்து ஸ்டம்பில் பட்டிருக்காது என்று பிறகு திரை காட்டியது.

"வாட்சன் பண்ணது அநியாயம்" என்றார் அக்காள் வீட்டுக்காரர். பையனுக்கு ஒப்பவில்லை. "ஓப்பனர் போனா மேட்ச்சே போச்சு மாமா. கடைசியா வர்றவன் எப்படியும் அவுட்டுதான். அவனுக்கு எதுக்கு ரிவ்யூ?"

யோசித்துப் பார்த்தால் பையன் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. பாட்டில் திறமைசாலிக்குக் கூடுதல் நாள் கிடையாது. ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி உலை கொதிக்கிறது, ஒருவனுக்கு விழுந்த இறால் இன்னொருவன் சட்டிக்குப் போகாது. அணியில் அப்படியில்லை. டெண்டுல்கரின் 85 பதினோரு பேருக்கும் விழுந்த மீன். ஆகவே ஓப்பனர் பொது வாய்ப்பைத் தனக்காகச் செலவழிப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வாட்சனையும் விட்டுவிடலாம். எல்பிடபிள்யூவில் யாருக்கும் நியாயமான சந்தேகம் வரும்.

தப்பு எங்கே இருக்கிறதென்றால், மட்டையில் பட்டது தெரிந்தும் 'கேட்டுத்தான் பார்ப்போமே' என்று கையை டி போலக் காட்டுவதில். அவன் உண்மையைக் கேட்கவில்லை, கருவி தவறவிடுமா என்று பார்க்கிறான். பொதுப்பையில் கைவிட்டு எடுத்துத் தன் பொய்க்குச் செலவழிக்கிறான். விதியால் இதைப் பிடிக்க முடியாது. 2017க்குப் பிறகு 'நடுவர் முடிவே இறுதி' என்று வந்தால் ரிவ்யூ திரும்பக் கிடைக்கிறது. பந்து ஸ்டம்பை லேசாக மட்டுமே உரசும் என்று கருவி சொன்னால், நடுவர் முன்பு சொன்னதே நிற்கும், கேட்டவனுக்கும் நஷ்டமில்லை. நம் ரசிகர்கள் பலருக்கு இது எரிச்சல். "ஒரே பந்து, அவரு கைய தூக்குனா அவுட்டு, தூக்கலன்னா இல்லையா?" என்று கத்துவார்கள். எனக்கோ இந்த அமைப்பிலேயே நாணயமான பகுதி அதுதான். இதற்கு மேல் எனக்கு நிச்சயமில்லை என்று கருவி ஒத்துக்கொள்கிறது, சந்தேகப்பட்டவனையும் தண்டிக்கவில்லை. ஆனால் சந்தேகத்தில் கேட்டுத் தோற்றவனும், தெரிந்தே கேட்டுத் தோற்றவனும் ஸ்கோர்போர்டில் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் ஒன்று குறையும், அவ்வளவே.

இந்தியாவே இந்த முறையை வெகுநாள் தள்ளிவைத்த கதை தனி. 2008இல் கொழும்பில் தொடங்கிய தொடரில் சோதனை முயற்சியாக ரிவ்யூ வந்தது. ரிவ்யூவால் முதலில் அவுட் ஆனவரே ஒரு ஓப்பனர்தான், சேவாக், முரளிதரன் பந்தில். அந்தத் தொடரில் இலங்கைக்குப் பதினோரு முறை பலித்தது, நமக்கு ஒரே ஒரு முறை. அதன் பிறகு 2016 நவம்பரில் ராஜ்கோட் டெஸ்ட் வரை, பந்தின் பாதையைக் கணிக்கும் கருவியை நம் வாரியம் இருதரப்புத் தொடர்களில் ஏற்கவில்லை. கருவி நூறு சதவீதம் சரியில்லை என்பதே சொன்ன காரணம். கொள்கையைவிடக் கொழும்பில் பட்ட சூடு பெரிசாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாட்டையும் நான் கோயிலாக்கவில்லை. தலைக்கட்டுக் கணக்கில் உள்ளவனுக்குத்தான் அங்கே முறை. அதே ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்குச் சீட்டில் பெயர் இல்லை. கோட்டுக்குள் இருக்கிறவர்களுக்கிடையேதான் அந்த நியாயம். இதைச் சொன்னபோது அக்காள் வீட்டுக்காரர் பதில் பேசவில்லை, வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டார்.

பையன் மட்டும் ரோஜர்ஸை விடவில்லை. "அவுட்டே இல்லாம போனானே, அது நல்ல குணமா மாமா? பயம்தான?" கொஞ்சம் பயமும் இருந்திருக்கும். ஆனால் தெரியாத ஒன்றில் தனக்காகக் கேட்காமல், பின்னால் வருகிறவனுக்கு விட்டுப்போனதில் வேறு ஏதோவும் இருக்கிறது என்றேன். அவன் போனில் அந்த ஸ்கோர்கார்டைத் தேடி எடுத்துப் படித்தான். ரோஜர்ஸுக்கு அடுத்து அவுட்டானவர் பில் ஹியூஸ். கீப்பர் கேட்ச். மிச்சமிருந்த ரிவ்யூவை அவர் கேட்டார், அதுவும் போயிற்று. ஆஸ்திரேலியா 128க்கு ஆல் அவுட்.