வாயும் வயிறும்

சூலுற்ற பெண்ணைக் குறித்து நம் தாய்மார் 'வாயும் வயிறுமாக இருக்கிறாள்' என்பர். அச்சொற்றொடரில் முன்னால் நிற்பது வயிறு அன்று, வாய். அந்த வாய் உண்பதற்கு மட்டுமே உரியது என நாம் பொருள் கொண்டுவிட்டோம் போலும். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறுமாகப் பரிமாறி, வயிற்றுக்கு வேண்டியதை வாய் வழியே அனுப்புகிறோம். அவ்வாய் பேசவும் செய்யும் என்பதும், வயிற்றினுள் நிகழ்வதைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே வாய் அதுதான் என்பதும் நம் நினைவில் நிற்பதில்லை.

நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா எளிமையானது. ஒருவர் மட்டுமே அறியக்கூடிய ஒன்றை அவர் நம்மிடம் சொல்லும்போது, அதை நம்புவது நம் பெருந்தன்மையா, அல்லது நாம் அவருக்குப் பட்ட கடனா?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவுக்கு ஒரு பெண் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். முப்பத்தைந்தாம் வாரம். ஒரு மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவளும் அவள் தாயும் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "காலையிலேருந்து பிள்ளை அவ்வளவா அசையலம்மா" என்றாள். தாய் பதறவில்லை. "மாசம் ஏற ஏறப் பிள்ளைக்கு இடம் பத்தாதுல்ல, அடங்கித்தான் கிடக்கும். உன்னைச் சுமந்தப்ப எனக்கும் அப்படித்தான்" என்றார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாலெழுத்துப் படித்தவர்கள் என்ற மதிப்பு அத்தெருவில் எங்களுக்கு உண்டு. நாங்கள் தலையசைத்தோம். அத்தலையசைப்பில் அறிவு ஏதும் இல்லை. பேச்சை இதமாக முடித்துவிடும் விருப்பம் மட்டுமே இருந்தது. அவளும் சிரித்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் பிற்பகல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது குழந்தையின் இதயத்துடிப்பு இல்லை.

முந்தைய மாலையே வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று மருத்துவர் கூறவில்லை. அவ்வாறு எவராலும் உறுதியாகக் கூறவும் இயலாது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் இதையே பற்றிக்கொண்டனர், நாங்களும் பற்றிக்கொண்டோம். ஆயினும் நாள்கள் செல்லச் செல்ல இவ்வாறுதலில் ஒரு பிசகு தென்படலாயிற்று. குழந்தை நலமாகப் பிறந்திருந்தால் எங்கள் தலையசைப்பு சரியாகிவிடுமா? ஆகாது. அப்போதும் நாங்கள் அறியாத ஒன்றை அறிந்தவர்போல் நடித்து, அறிந்தவளின் வாயை அடைத்தவர்களாகவே இருந்திருப்போம். நேர்ந்த விளைவு எங்கள் பிழையை உண்டாக்கவில்லை. நற்பேறு மறைத்திருக்கக்கூடிய பிழையை அது வெளிக்காட்டியது, அவ்வளவே.

இருபத்தெட்டாம் வாரத்தில் தொடங்கும் இவ்விறுதிப் பருவத்தில் உள்ளே நிகழ்வன மிகப் பல. ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு இப்பருவத்துள் நுழையும் சிசு மூன்று கிலோவை நெருங்கி வெளிவருகிறது. மூச்சு விடும்போது நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய பூச்சு இக்காலத்திலேயே போதிய அளவு சுரக்கிறது. தாயின் குருதியிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சேர்வதும் பெரும்பாலும் இவ்வாரங்களில்தான். காதும் கேட்கிறது. டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட நிரம்பாத குழந்தைகள் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தம் தாயின் குரலையே கேட்க விழைந்தன எனக் கண்டனர். அவள் பேசுவதைச் செவிமடுக்கும் ஒருவராவது அவ்வீட்டில் இருக்கிறார் என்பதில் மகிழ்ச்சியே.

தாயின் உடலோ இருவருக்காக உழைக்கிறது. குருதியின் அளவு ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடுகிறது. படியேறினால் மூச்சு வாங்கும், படுத்தால் நெஞ்செரியும், நள்ளிரவில் கெண்டைக்கால் பிடித்திழுக்கும், சூட்டுவலி வந்து வந்து போகும். இவற்றுள் பெரும்பாலானவை இயல்பானவையே. ஆனால் இயல்பானவற்றின் நடுவிலேதான் இயல்பல்லாததும் வந்து அமர்ந்துகொள்கிறது. விடாத தலைவலியும், கண் மங்கலும், முகத்திலும் கையிலும் திடீரென ஏறும் வீக்கமும் இரத்த அழுத்தம் உயர்ந்து தாயையும் சேயையும் அச்சுறுத்துவதன் அறிகுறிகளாக இருக்கலாம். வீட்டார் காதில் அவை 'வெயிலில் நடந்திருப்பாய்', 'நேற்று உறங்கியிருக்க மாட்டாய்' என்றே விழுகின்றன. வீக்கமாவது பிறர் கண்ணுக்குத் தெரியும். தலைவலிக்கும் மங்கலுக்கும் அவளன்றி வேறு சாட்சி இல்லை.

அசைவும் அத்தகையதே. இடம் பற்றாமையால் கடைசி வாரங்களில் அசைவு குறையும் என்னும் நம்பிக்கை உண்மையன்று. உதைப்பது மாறிப் புரள்வதும் தள்ளுவதுமாக அதன் தன்மை வேறுபடலாம். அடிக்கடி அசைவது மட்டும் குறையலாகாது. சிசு உள்ளே உறங்குவதும் உண்டு. ஆனால் ஓர் உறக்கம் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது நிமிடங்களே. ஐயம் எழுந்தால் இடப்பக்கமாய்ச் சாய்ந்து படுத்து, இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவுகளேனும் உணரப்படுகின்றனவா என்று பார்க்கச் சொல்வது மருத்துவர் பலரின் வழக்கம். எண்ணிக்கை குறைந்தாலோ, எண்ணிக்கை எதுவாயினும் 'வழக்கம்போல் இல்லை' என்று அவளுக்குத் தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் புறப்பட வேண்டும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ இருபது இலட்சம் குழந்தைகள் இருபத்தெட்டு வாரம் நிரம்பியபின் இறந்தே பிறந்தனர் என ஐக்கிய நாடுகள் அமைப்புகள் கணக்கிட்டன. அவர்கள் அனைவரையும் காத்திருக்க முடியாது. சிலரையேனும் காத்திருக்கலாம்.

அந்தத் தாயை நாம் குறை கூறவில்லை. கேட்டதை அவர் சொன்னார். அவருடைய தாயும் கேட்டதைத்தான் சொல்லியிருப்பார். 'ஏழில் பிறந்தது பிழைக்கும், எட்டில் பிறந்தது பிழைக்காது' என்று நம் ஊர்களில் இன்றும் சொல்பவர் உண்டு. நம் பாட்டிமார் மட்டும் சொன்னதன்று இது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரேக்கத்தில், இப்போக்கிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே எழுதப்பட்டது. அதிலும் இதே நம்பிக்கைதான். உண்மையோ, கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வலிமையைக் கூட்டுகிறது என்பதே. அறிஞரும் பாட்டியும் ஒரே பிழையில் ஒன்றுபட்டு இத்தனை நூற்றாண்டுகள் நின்றதை எண்ணினால், உலகோர் வாக்கைவிட ஒருத்தியின் வாக்கு எளிதில் தோற்றுவிடுவதில் வியப்பில்லை.

கருவிகள் வந்தன. பிரெஞ்சு மருத்துவர் பினார் 1895-இல் அமைத்த மரக்குழல், வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க உதவியது. கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் துணைவரும் 1958-இல் ஒலியலைகளால் கருவின் உருவைக் காட்டினர். இவற்றால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றோர். எனினும் கருவி காட்டுவது, அதை வைத்துப் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களை மட்டுமே. 'போன வாரம் ஸ்கேனில் நன்றாக இருந்ததே' என்று நாம் அவளுக்கு மறுமொழி கூறும்போது, போன வாரத்துப் படத்தைக் கொண்டு இன்றைய வாயை அடைக்கிறோம்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை இக்கண் கொண்டு வாசித்தால் புதிய சில தென்படுகின்றன. மரியா தம் உறவினர் எலிசபெத்தைக் காணச் சென்றது அவருக்கு ஆறாம் மாதம். அங்கே தங்கியது ஏறக்குறைய மூன்று மாதம். நாம் பேசிவரும் பருவமே அது. வாழ்த்தொலி கேட்டதும் தம் வயிற்றிலுள்ள குழந்தை துள்ளியதாக எலிசபெத்து கூறுகிறார். சான்று வேறில்லை. கேட்டவர் ஐயுற்றதாகவும் நற்செய்தியாளர் எழுதவில்லை. (வீட்டுத் தலைவர் செக்கரியா அப்போது பேச்சிழந்திருந்தார் என்பதையும் சற்றே குறும்போடு நினைவுகூரலாம்.) ஆனால் குழந்தை பிறந்து எட்டாம் நாள், அதற்கு யோவான் என்று பெயரிட வேண்டும் எனத் தாய் சொன்னபோது, சுற்றத்தார் ஏற்கவில்லை. உங்கள் உறவில் அப்பெயர் எவருக்கும் இல்லையே என்றனர். வாய் பேச இயலாத தந்தையிடம் சைகையால் கேட்டனர். அவர் எழுதுபலகை கேட்டு வாங்கித் தாய் சொன்ன அதே பெயரை எழுதிய பின்னரே அமைந்தனர். பேசும் வாயை விட்டுவிட்டுப் பேசாத வாயைத் தேடிச் செல்லும் இவ்வழக்கம் அவ்வளவு பழமையானது.

எதிர்வாதம் ஒன்றை நாம் ஒதுக்கிவிடலாகாது. அச்சமே சில வேளைகளில் அசைவின்மையாகத் தோன்றும். பத்து முறை ஓடினால் ஒன்பது முறை ஒன்றுமிராது. நாற்று நடவிலும் கட்டட வேலையிலும் நாட்கூலி பெறும் வீட்டில் ஒரு வெற்றுப் பயணம் என்பது ஒரு நாள் உணவு. மாதச் சம்பளம் பெறுவோருக்குப் பேறுகால விடுப்பு 2017-இல் இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. அதில் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். சித்தாள் வேலை செய்பவளுக்கு அது எட்டாத கனி. ஆகவே, 'எதற்கெடுத்தாலும் ஓட முடியுமா?' என்னும் கேள்வியில் ஈரமின்மை மட்டுமன்று, வறுமையும் பேசுகிறது. அதை நாம் ஒப்புகிறோம். ஆனால் நம்புதல் என்பது அவள் சொல்வது மெய்யாகியே தீரும் என்று பந்தயம் கட்டுவதன்று. அவள் கூற்றுக்கு மறுமொழி கூறும் தகுதி நமக்கில்லை, கூறத்தக்கவரிடம் அவளை அழைத்துச் செல்லும் பொறுப்பே நமக்குண்டு என்று ஏற்பதே அது. ஒன்பது முறை ஒன்றுமில்லை என்று அறிந்து திரும்புவதை வெற்றுப் பயணம் எனக் கணக்கெழுதுவோர் நாமேயன்றி அவளல்லள்.

இன்னொன்றும் எங்களை உறுத்துகிறது. அன்று மாலை அவள் சிரித்துவிட்டு எழுந்து போனாளே, அச்சிரிப்பு. நாங்கள் நம்பாமற் போகவே, அவளும் தன்னை நம்பாமற் போனாள். 'ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குகிறாள்' என்று பெயர் வாங்க அஞ்சித் தன் உடல் சொன்னதையே அவள் மறுதலித்தாள். இழப்புக்குப் பின் அவள் தன் கணவனிடம் திரும்பத் திரும்பக் கூறியது, 'நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்' என்பதே. அழுத்திச் சொன்னால்தான் காதில் விழும் என்ற நிலையை உண்டாக்கியவர்கள் நாங்கள். பழியைச் சுமந்தவள் அவள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் கருவுற்றாள். இம்முறையும் தாய்வீட்டுக்கே வந்தாள். முப்பத்துநான்காம் வாரத்தில் ஓரிரவு, மணி இரண்டிருக்கும், எதிர்வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டு எழுந்தோம். தாய் தலைமுடியை அள்ளி முடிந்தபடி நின்றிருந்தார்; ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. "என்ன ஆச்சு?" என்றோம். "பிள்ளை அசைவு சரியில்லைன்னு சொல்லுறா" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை; நாங்களும் இம்முறை தலையசைக்காமல் கைப்பையைத் தூக்கி வண்டியில் வைத்தோம். விடிவதற்குள் திரும்பிவிட்டார்கள். துடிப்பு சீராக இருக்கிறது, வந்தது நல்லது என்று பணியிலிருந்த மருத்துவர் சொன்னாராம். அடுத்த வாரம் மறுபடியும் போனார்கள். அதற்கடுத்த வாரமும்.