அடித்த பிறகும் நிற்கும் கண்



போன வியாழன் சாயங்காலம் பங்கு மைதானத்தில் பிள்ளைகள் சிலம்பம் ஆடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எதிராளியின் தோளைக் கம்பால் சுத்தமாகத் தொட்டுவிட்டான். தொட்ட வேகத்தில், அம்மா பார்த்தாளா என்று திரும்பினான். அவ்வளவுதான், எதிர்க்கம்பு விரல் முட்டியில் விழுந்தது. ஆசான் அதட்டவில்லை. “வீசி முடிச்சதோட வேலை முடிஞ்சிச்சுன்னு யாருடா சொன்னது?” என்றார்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு நம் மைதானத்திலும் கூட்டம் கூடியிருக்கிறது. பெற்றோருக்கு உடனே மெடல் வேண்டும். ஆசானோ மாதக்கணக்கில் காலடிச் சுவடுதான் சொல்லிக்கொடுக்கிறார். நான் அவர் கட்சி.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று பெருமையாகச் சொல்கிறோம். அசல் ஜப்பானில் கெண்டோ என்றொரு வாள்பயிற்சி உண்டு. அதில் அடி சரியாக விழுந்தாலும், அடித்தவன் அதன்பின் கவனம் தளர்ந்துவிட்டால் புள்ளி கிடையாது. அடிக்குப் பிறகும் எஞ்சி நிற்கிற அந்த மனத்துக்கு ஸான்ஷின் என்று பெயர்.

பவுலடியாரிடமும் இந்த மனம் உண்டு. அவர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவை வீட்டில் எடுத்துப் பாருங்கள். பக்கத்திலேயே இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்த ஊர் கொரிந்து. குத்துச்சண்டை தெரிந்த மக்கள். வெறும் காற்றைக் குத்திக் களைக்கிற ஆளாக இருக்கத் தமக்கு மனமில்லை என்கிறார். அதோடு ஒரு பயத்தையும் சொல்கிறார்: ஊருக்கெல்லாம் நற்செய்தி சொல்லி முடித்த பிறகு தாமே தகுதி இழந்துவிடக் கூடாதே என்று. பிரசங்கம் செய்கிற எனக்கும் அந்தப் பயம் உண்டு. பாவசங்கீர்த்தனம் முடித்துவிட்டு, பைக் நிறுத்துகிற இடத்திலேயே மல்லுக்கு நிற்கிறவர்களுக்கும் இருக்கலாம்.

முடித்த பிறகும் கண் நிற்க வேண்டிய பட்டாசு மருந்து வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். அறைக்கு நாலு பேர், பருத்தித் துணி, தரையில் ரப்பர் விரிப்பு. கலந்த மருந்து அன்றன்றைக்குத் தீர வேண்டும். மிஞ்சியது ராத்திரி ஈரம் பட்டால் தானே சூடேறும். முதலிப்பட்டியில் ஆலை வெடித்தது 2012 செப்டம்பர் 5, அச்சன்குளத்தில் 2021 பிப்ரவரி 12. இந்தத் தேதிகளைக் காலண்டரில் பார்க்காமலே சொல்கிறவர்கள் இந்தக் கோவிலில் இருக்கிறீர்கள்.

விபத்து என்றதும் ‘வேலையாள் கவனக்குறைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். நாலு பேர் அறையில் எட்டுப் பேரை உட்காரவைத்து, உருப்படிக் கணக்கில் கூலி போட்டு, தீபாவளி நெருங்குகிறது என்று விரட்டினால், கவனம் எங்கிருந்து வரும்? உரிமத்தை வாங்கி உள்குத்தகைக்கு விட்டவர்களுக்கும் ஆசானின் கேள்வி உண்டு. முன்வரிசையையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

திரி வேலை செய்கிற ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மணி அடித்து எல்லோரும் கிளம்பினாலும் அவர் கிளம்பமாட்டார். மிஞ்சியதை போர்மேன் கையில் ஒப்படைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, வாசலில் நின்று ஒருதரம் உள்ளே பார்ப்பாராம். வேனில் ஏறியவர்கள் ஆரன் அடிப்பார்கள், வைவார்கள். ஏன் அக்கா இந்தப் பாடு என்று கேட்டேன்.

“காலையில அந்த எடத்துல வந்து உக்கார்ற பிள்ளை யாருன்னு தெரியாதுல்ல, சாமி.”