ஊட்டுங் கையும் உண்பார் கடனும்

உணவகத்தில் உண்டெழுவார், விலையின் வேறாக ஒரு சிறு பொருளைப் பரிமாறினவர்க்கு வைத்துச் செல்லும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. இதனை இனாம் என்றும் சந்தோஷம் என்றும் முன்னையோர் வழங்கினர். இக்காலத்தார் டிப்ஸ் என்பர். கல்லாவினின்று மீண்டுவரும் சிறு தட்டில் ஒருபுறம் சோம்பும் சர்க்கரையும், மற்றொருபுறம் மீதிச் சில்லறையும் இருக்கும். உண்டவன் சோம்பை அள்ளிக்கொண்டு சில்லறையை விட்டுப் போவான். அவ்வளவே அவ்வழக்கத்தின் இலக்கணம். கொடுத்தோம் என்னும் நினைவு அவனுக்கும் நில்லாது; பெற்றோம் என்னுங் கூச்சம் மற்றவனுக்கும் இராது. இத்துணைச் சிறு செயலைச் சித்தாந்த ஆராய்ச்சிக்குரிய ஏட்டில் எடுத்துக்கொள்வது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், உயிர் தன் மறைப்பை வெளிப்படுத்துவது பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களிலேயே என்க.

அத்தட்டு இப்பொழுது மறைந்துவருகின்றது. 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் கைப்பேசிப் பணமாற்று முறை நம் நாட்டிற் புகுந்தது. அதன்பின் கட்டம் கட்டமாக அமைந்த கியூ.ஆர். குறி பெருநகர் உணவகத்தினின்று சிற்றூர்த் தேநீர்க்கடை வரை வந்து ஒட்டிக்கொண்டது. நூற்று முப்பத்தேழு ரூபாய்க்கு உண்டவன் நூற்று முப்பத்தேழு ரூபாயே செலுத்துகின்றான். மீதி என்பது இல்லை. மீதியில்லாதவிடத்து இனாமும் இல்லையாயிற்று. இதற்குமேல், நகரத்து உணவகங்கள் சிலவற்றில் மேசையிலேயே ஒரு குறியை ஒட்டி, அதனைக் கைப்பேசியாற் படித்து வேண்டிய பண்டத்தைத் தாமே தொட்டுத் தெரிவித்து, பணத்தையும் தாமே செலுத்தும் ஏற்பாடு வந்துள்ளது. “என்ன சாப்பிடுறீங்க அண்ணாச்சி?” என்று கேட்கும் வாய்க்கு அங்கே வேலையில்லை. “எல்லாம் யானே செய்துகொண்டேன், இனி எவனுக்கு, எதன்பொருட்டு இனாம்?” என்று உண்பான் வினவுகின்றான்.

இவ்வினாவை எளிதிற் புறந்தள்ளுதல் ஆகாது. அதன்கண் ஒரு பாதி நியாயமும் ஒரு பாதி மயக்கமும் கலந்து கிடக்கின்றன. நியாயம் யாதெனில், கைப்பேசி ஏற்றுக்கொண்ட வேலைகள் இரண்டு: வேண்டியது கேட்டல், பணம் வாங்கல். அவ்விரண்டிற்கும் ஒருவர்க்கு நன்றி கூற வேண்டியதில்லை. பண்டத்தையும் தானே சென்று வாங்கி, உண்டபின் தட்டையும் தானே எடுத்துப்போடும் கடைகளில் இனாம் கொடாதவனைக் குறை கூறுவார் யாருமிலர். மயக்கம் யாதெனில், அவ்விரண்டு வேலை நீங்கியவுடன் எல்லா வேலையும் நீங்கியதாக எண்ணுதல். அடுப்பின் முன் நின்று மாவு ஊற்றியவன் நின்றபடியே இருக்கின்றான். நீர் கொணர்ந்து வைத்தவன், சாம்பார் வாளியுடன் இருமுறை வந்தவன், எச்சில் இலையை வழித்தெடுத்து மேசை துடைத்த பெண் ஆகிய இவர்கள் எங்கும் போய்விடவில்லை. போனது அவர்களை நாம் பார்க்க வேண்டியிருந்த கட்டாயம் ஒன்றே.

இங்கே நம் சமயத்தின் உள்ளுறையான ஒரு பொருளை நினைவு கூர்தல் தகும். கண் காண்கின்றது என்கின்றோம். உயிர் உடன்நின்று காட்டாவிடிற் கண் காணாது. அவ்வாறே உயிரும் இறைவன் உடன்நின்று காட்டியும் கண்டும் உதவாவிடின் எதனையும் அறியமாட்டாது. இவ்வுபகாரத்தைச் சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம் கூறி, இதனை அறிந்த உயிர்க்கு உரிய செயலாக அயராத அன்பை வைத்தது. காட்டும் உபகாரம் தன்னைக் காட்டிக்கொள்ளாத உபகாரம். அதனாலேயே கண் ‘யானே காண்கின்றேன்’ எனச் செருக்கவும், உயிர் ‘யானே அறிகின்றேன்’ எனத் தருக்கவும் இடமாகின்றது. ஆணவத்தின் வேலை வேறொன்றன்று. துணைநின்றதை மறைத்து, நின்றது தான் ஒன்றே எனத் தோற்றுவிப்பதே. ‘எல்லாம் யானே செய்துகொண்டேன்’ என்று கைப்பேசியை மடியில் இட்டுக்கொண்டு எழுபவன் சொற்களும் இவையே அல்லவா? பரிமாறுவானை இறைவனோடு ஒப்பிட்டதாக எவருங் கொள்ளற்க. உவமை ஒருபுடை ஒப்பே. எனினும், கட்புலனாகிய உதவியையே மறக்கப் பழகிய நெஞ்சு, கட்புலனாகாத பேருதவியை நினைப்பது எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் கொள்கை. நன்றி கூறத் தெரியாத கருவியை நாள்தோறும் சார்ந்திருப்பவன் அதன் வண்ணம் ஆகாதிருக்கத் தனியே முயலவேண்டும்.

மறைந்த கை என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி என்னும் சிற்றூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நோக்குக. மழை குறைந்த கரிசற் பூமி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் அவ்வட்டாரத்தின் வாழ்வு. அங்கே ஆடவரும் மகளிரும் திரி செய்தும், மருந்து செலுத்தியும், சரம் பின்னியும், எண்ணிக்கைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோர் பலர். தீபாவளி விடியலில் வடநாட்டுத் தெருவொன்றில் ஒரு சிறுவன் சரத்தைக் கொளுத்துகின்றான். அது முழங்குமளவில் அதனைப் பின்னிய விரல்களை அவன் எண்ணுவானா? எண்ண வழியில்லை, விலை கொடுத்தாயிற்று என்பதோடு கணக்கு முடிந்தது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30 பேருக்கு மேல் மாண்டபொழுதுதான் அக்கைகள் உண்டு என்பது நாட்டினர் பலர்க்கு ஒரு வாரம் நினைவிலிருந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒவ்வொன்றின் பின்னும் இவ்வாறு எண்ணிறந்த கைகள் மறைந்துள்ளன. அவர் எல்லார்க்கும் கைம்மாறு செய்ய ஒருவனாலும் இயலாது. ஆயின் உணவகத்தில் அக்கை நமக்கு நான்கு முழத்தில் நிற்கின்றது. எட்டாத கைக்குச் செய்யமாட்டாதது உலகத்தியற்கை. எட்டிய கையையும் எட்டாத கையாக்கிக்கொள்வது நம் செயல்.

இனி, இக்கொடை எவ்வகையது என்று பார்ப்போம். திருவள்ளுவனார் செய்ந்நன்றியறிதல், ஒப்புரவறிதல், ஈகை என மூன்றனையும் வேறு வேறு அதிகாரமாக வகுத்தார். உணவகத்து இனாம் ஈகை அன்று. பெறுவோன் இரந்து நிற்கவில்லை, உழைத்து நிற்கின்றான். அவனுக்கு ஈகின்றேன் என்று எண்ணிக் கொடுப்பவன் அவன் உழைப்பைக் களவு செய்து தன் அறமாக எழுதிக்கொள்கின்றான். கூலியும் அன்று, கூலி முதலாளியின் கடன். இது நன்றியறிதலின் ஒரு சிறு வடிவம். உடனுண்பாரை நோக்கிய ஒப்புரவின் நிழலும் அதில் உண்டு. இவ்வேறுபாட்டை விட்டுவிட்ட நாடுகள் படும் இடர் பெரிது. அமெரிக்க நாட்டில் இனாம் பெறும் தொழிலாளர்க்கு மத்திய சட்டம் வகுத்த குறைந்த கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அஃது உயரவேயில்லை. பல மாநிலங்கள் இதனின் மிக்க கூலி விதித்திருப்பினும், விதியாத மாநிலங்களில் இனாம் குறைந்தால் அக்குறையை முதலாளி நிரப்புக என்பதே ஏற்பாடு. உண்பானுடைய நன்றியுணர்ச்சியே கூலியின் தூணாக நாட்டப்பட்டது. விளைவு யாது? நூற்றுக்கு இருபது கொடாதவன் கொடியவனாகக் கருதப்படுகின்றான். ஒரு ரொட்டி வாங்கினும் கருவி தன் முகத்தைத் திருப்பி இனாம் கேட்கின்றது. நம் நாட்டு முதலாளிகளும் ‘இனாம் வருகின்றதே’ என்று கூலியைக் குறைப்பாராயின், கொடுப்பவன் நன்றி பரிமாறுவானைச் சேராது கல்லாவையே சேரும்.

கேட்டு வாங்குவதும் கொடையன்று. உணவகங்கள் சேவைக் கட்டணம் என ஒரு தொகையைத் தாமே பில்லிற் சேர்த்தல் கூடாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் நெறிமுறை வகுத்தது. உணவகச் சங்கங்கள் அதனை எதிர்த்து வழக்காடின. தில்லி உயர்நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் அந்நெறிமுறையே செல்லும் எனத் தீர்த்தது. அத்தீர்ப்பு நம் கருத்துக்கும் உடன்பாடே. அவ்வாண்டு மே மாதத்தில், ஊர்தி வருமுன்னரே இனாம் கேட்ட வாடகை ஊர்திச் செயலி ஒன்றுக்கு அவ்வாணையம் விளக்கங் கேட்டு அறிவிப்பு அனுப்பியதும் நினையத்தக்கது. உண்ணுமுன்னே கைப்பேசித் திரையில் ‘பத்தா, இருபதா, ஐம்பதா’ எனக் கேட்கும் கட்டங்களும் இவ்வினத்தனவே. நிகழாத உதவிக்கு நன்றி எவ்வாறு நிகழும்? அது விரைவுக்குக் கொடுக்கும் கைக்கூலி. அதனை நன்றி என்னும் பெயரால் அழைப்பது சொல்லைக் கெடுப்பதாகும். அக்கட்டத்தைத் தொடாது விடுவோன் ஒரு பிழையும் செய்தானல்லன்.

நூற்றுக்கு இவ்வளவு எனக் கணக்கிடுவதும் எமக்கு உடன்பாடன்று. நெய்த்தோசைக்கும் இட்டிலிக்கும் பரிமாறுவான் நடந்த அடிகள் ஒன்றே. விலை மட்டும் வேறு. பொருளின் விலையால் உழைப்பை அளப்பது தவறான மரக்கால். எத்துணை கொடுப்பது என்பது கொடுப்பான் ஆற்றலையும் பெற்ற உதவியையும் பொறுத்தது. கொடுப்பதைக் கையிற் கொடுத்தல் நன்று. நாணயம் இல்லாதவன், திரை வழியே இட்ட பணம் பணிசெய்தார்க்குச் சேருமா என்று கல்லாவில் ஒரு சொற் கேட்டறிதல் வேண்டும். சமையலறையில் நிற்பார்க்கும் பங்குண்டாகும்படி பொதுப்பெட்டி வைத்திருக்கும் கடைகளில் அப்பெட்டியே சாலச் சிறந்தது. எவர் இட்டார் என்பது அங்கே தெரியாது. திங்களூரில் அப்பூதியடிகளார் தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தருக்குத் தம் பெயரை இடாது, தாம் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரையே இட்ட வரலாறு நாம் அறிந்ததன்றோ.

காசையும் கைத்தொண்டையும் ஒருங்கு வைத்துப் பேசும் ஓரிடம் பெரியபுராணத்தில் உண்டு. வற்கடம் வந்த காலத்தில் திருவீழிமிழலையில் இறைவன் திருஞானசம்பந்தர்க்கும் திருநாவுக்கரசர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான்; அக்காசினால் இருவர் மடத்திலும் அடியார் அமுது செய்தனர். அரசரது காசு வாசி இன்றி மாறிற்று. பிள்ளையாரது காசுக்கு வணிகர் வாசி கேட்டனர். அதனால் பண்டம் வாங்கக் காலம் நீண்டு, பிள்ளையார் மடத்தில் அமுது தாழ்த்தது. காரணம் வினவியபொழுது பணிசெய்வார் அதனை எடுத்துரைத்தனர். அரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவர், ஆதலின் அவர் காசு வாசியற்றது எனத் தெளிந்த பிள்ளையார், பதிகம் பாடி வாசி நீங்கப்பெற்றார். இதற்குப் பெரியோர் கூறும் விளக்கங்கள் பலவாயினும், கையால் உழைத்தவன் காசை இறைவன் முழு மாற்றாக வைத்தான் என்பது வெளிப்படை. அமுது ஏன் தாழ்த்தது என்பதனை அறிந்திருந்தவர் மடத்துப் பணியாளரே என்பதையும் யாம் ஊன்றி நோக்குகின்றோம். அடுக்களையில் நிற்பவனைக் கேட்டாலன்றி இலையில் வந்ததன் வரலாறு தெரியாது.

“எல்லார்க்கும் இனாம் கொடுக்க ஆற்றல் உண்டோ? சரம் பின்னி அன்றாடங் கூலி பெறுபவன் நான்கு இட்டிலி உண்டு ஐந்தாவதை விரும்பியும் வேண்டாம் என்று எழுகின்றான். அவனுக்கும் இக்கடன் உண்டோ?” எனின், காசுக் கடன் இல்லை என்றே கூறுவோம். அவன் உண்ணும் சிறு கடைகளில், உண்ட இலையைத் தானே மடித்தெடுத்துப் போட்டுக் கைகழுவுவாரை இன்றுங் காணலாம். அவ்வொரு செயலால் மேசை துடைப்பவளது வேலையில் ஒரு பங்கு குறைந்தது. அரசர் ஏந்திய உழவாரத்தின் இனத்தைச் சேர்ந்தது அது. “போதும் தம்பி, சாம்பார் நல்லா இருந்துச்சு” என்று முகம் நோக்கிச் சொல்லும் சொல்லும் அவ்வினத்ததே. கைப்பேசியிற் குனிந்தபடி வாளி வந்ததும் போனதும் அறியாது ஐம்பது ரூபாய் அனுப்புகின்றவன் இவனின் மிகுதியாகக் கொடுத்தான் எனல் எமக்கு இயலாது.

ஒன்று எஞ்சி நிற்கின்றது. கேட்பதையும் வாங்குவதையும் கருவியிடம் விட்டவர் கொணர்வதையும் துடைப்பதையும் ஒருநாள் கருவியிடமே விடலாம். பண்டத்தட்டைச் சுமந்து உருண்டுவரும் பொறிகள் சில நகரத்து உணவகங்களில் இப்பொழுதே உலவுகின்றன. அங்கே இனாம் பற்றிய ஐயமே எழாது. உண்பானுக்குப் பத்து ரூபாய் மீதம். கரிசற் காட்டில் மழை பொய்த்து, பட்டாசு ஆலையின் அபாயத்துக்கு அஞ்சி, சர்வர் வேலைக்கென நகரம் வந்த இளைஞன் அப்பொழுது எங்கே நிற்பான் என்பதனைப் பத்து ரூபாய் மீதப்பட்டவர் கேட்பாரோ, அறியோம்.