கண்ணாடி காட்டும் கணக்கு

திருப்பனந்தாள் பக்கம் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரு வருஷம் குறுவை அறுப்புச் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. பங்காளி வைத்த செய்வினை என்று நம்பினேன். அவர் முகம் பார்ப்பதை விட்டேன். உறக்கமும் என்னை விட்டது. கழிப்பு கழிக்கப் பணம் புரட்டும்போது வீட்டில் கேட்டாள்: "பேய்களையெல்லாம் அய்யா எரித்ததாக அகிலத்தில் வாசிக்கிறீங்களே, அப்புறம் எது வந்து நம்ம கதிரைச் சாய்ச்சது?"

பதில் இல்லை. பங்காளி வயலிலும் கதிர் சாய்ந்துதான் கிடந்தது.

பதியில் நாம் தொழுவது கண்ணாடி முன் நின்று. உன்னுள் உறையும் இறையைப் பார் என்பது அதன் பொருள். என் பிழையும் அங்கேயே நிற்பதை அன்று கண்டேன். நாற்று விட்டது பிந்தி. யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டதில் தண்டு மெலிந்தது. வடிகால் வெட்டவில்லை. இம்மூன்றும் என் பங்கு. மழை என் கையில் இல்லை.

ஒப்புக்கொண்டதும் மனம் லேசானது. செய்வினைக்கு மருந்து மந்திரவாதியிடம். வடிகாலுக்கு மருந்து என் மண்வெட்டியில். எல்லாத் துயரும் நம் பிழையால் வருவதல்ல. அப்படிச் சொல்லி நொந்தவரை நோகடிப்பது தர்மமும் அல்ல. ஆனால் ஆராயாமல் பிறர்மேல் பழி போடும் நினைவில் கலி குடியேறுகிறது.

யானைகள் இழுத்தும் நிமிராத லிங்கத்தை, குங்கிலியக் கலயர் தம் கழுத்திலேயே கயிறு கட்டி நிமிர்த்தியதாக எங்கள் ஊர்த் தலபுராணம் சொல்லும். நானும் பங்காளி வீட்டுப் படியேறினேன். மறுவருஷம் வடிகாலைச் சேர்ந்தே வெட்டினோம்.

அய்யா உண்டு.