வாயில்லா ஜீவனின் நோயும் நமது பொறுப்பும்

வீட்டில் வளரும் பூனைக்கு நோய் வந்தால் அதற்குப் பணிவிடை செய்வது மார்க்கக் கடமையைச் சேர்ந்ததா, அல்லது வெறும் பொழுதுபோக்கா? இந்தக் கேள்வி நமக்குக் கிதாபிலிருந்து எழவில்லை. தொண்டாமுத்தூரில் நமது வீட்டுக்குள்ளிருந்தே எழுந்தது.

ஸுபுஹுத் தொழுகைக்கு எழுந்தால் நம் காலைச் சுற்றி வரும் பூனை ஒன்று நம் வீட்டில் உண்டு. மலைக்காற்று ஈரமாய் வீசிய ஒரு நாள் காலையில் அதைக் காணவில்லை. தேடிப் பார்த்தபோது கட்டிலுக்கடியில் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தது, வயிற்றுப்போக்கும் இருந்தது. வைத்த மீனை முகர்ந்தும் பார்க்கவில்லை. “அத்தா, அதுக்கு ஓதி ஊதுங்க” என்றாள் நம் மகள். ஓதினோம். மருந்தும் கொடுக்க வேண்டுமல்லவா? காய்ச்சலுக்கென வீட்டில் வைத்திருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துத் தேனில் குழைத்தோம். அதற்குள் லுஹருக்கு நேரமாகிவிட, கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றோம்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட பெரியவர் ஒருவர், “ஏனுங்க ஹஜ்ரத், மனுசனுக்கே மருந்து வாங்கக் காசில்லாத காலத்துல ஒரு பூனைக்கு இவ்வளவு பாடா?” என்று கேட்டார். கேள்வியில் குற்றமில்லை. எனவே பதிலை நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பெண் பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தின்று பிழைக்கவும் விடாமல் சாகடித்ததால் வேதனைக்கு ஆளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள செய்தி. “நாங்கள் பூனையைக் கட்டிவைப்பதில்லையே!” என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் நோயும் ஒரு கயிறுதான். படுத்துவிட்ட பூனையால் எலி பிடிக்கவும் முடியாது. வேறு வீடு தேடிப் போகவும் முடியாது. நம்மை நம்பி நம் கூரைக்கடியில் கிடக்கும் ஜீவனை, “தானாகப் பிழைத்துக்கொள்ளட்டும்” என்று விட்டுவிடுவது, அவிழ்த்து விடுவது ஆகாது.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660-ல் (கி.பி. 1262) கெய்ரோவில் மறைந்தார்கள். மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தமது ‘கவாஇதுல் அஹ்காம்’ எனும் நூலில் அவர்கள் வரிசைப்படுத்தியுள்ளார்கள். பிராணி கிழடாகியோ நோயுற்றோ பயனற்றுப் போனாலும் அதற்குரிய செலவைச் செய்தாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. எலி பிடிக்கும் வரை பால். படுத்துவிட்டால் தெரு என்ற கணக்கு ஷரீஅத்தில் இல்லை.

ஆனால் இரக்கம் மட்டும் இருந்தால் போதுமா? அன்று மாலை பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். மாத்திரைச் செய்தியைச் சொன்னதும் அவர் திடுக்கிட்டார். “கொடுத்துட்டீங்களா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மனிதனுக்குக் காய்ச்சலைத் தணிக்கும் அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதிய அளவு இல்லை. சிறிதளவு கொடுத்தாலும் இரத்தமும் ஈரலும் கெட்டு அது இறந்துவிடக்கூடும். நம் பகுதித் தோட்டங்களில் விளையும் சின்ன வெங்காயமும் பூனைக்கு நஞ்சே. அது இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. பாலே வயிற்றுப்போக்குக்குக் காரணமாகலாம். தண்ணீரும், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியும் சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொன்னார். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகும் என்றும் எச்சரித்தார்.

தேனில் குழைத்த அந்தக் கிண்ணத்தை நினைத்து நாம் நடுங்கினோம். ஜமாஅத்தின் நேரம் குறுக்கிடாமல் இருந்திருந்தால், நல்ல நிய்யத்தோடு நம் கையாலேயே அதைக் கொன்றிருப்போம். அறியாதவற்றை அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்ற இறைக்கட்டளை பூனை விஷயத்திலும் செல்லும். கேட்கச் சோம்பிய இரக்கம், இரக்கமே அல்ல.

பூனையின்மீது அன்பு என்ற பெயரில் ஆதாரமற்றதைப் பரப்புவதும் தவறு. நாயகம் (ஸல்) அவர்கள் உறங்கும் பூனைக்காகத் தம் சட்டைக் கையை வெட்டினார்கள் என்ற கதை ஆதாரப்பூர்வமான ஹதீஸ் நூல்களில் இல்லை. பூனையை நேசிப்பது ஈமானின் பகுதி என்ற சொல்லும் இட்டுக்கட்டப்பட்டதென ஹதீஸ் அறிஞர்கள் கூறியுள்ளனர். ஆதாரமுள்ளதே நமக்குப் போதும். அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதன்று, நம்மிடையே சுற்றித் திரிபவற்றைச் சேர்ந்தது என்ற நபிமொழியையும் எடுத்துரைத்தார்கள். ஆயினும் அதன் மலமும் சிறுநீரும் வாந்தியும் நஜீஸே. பட்ட இடத்தைக் கழுவிவிட்டுத்தான் தொழ வேண்டும்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஏழையின் மருந்துக்குரிய காசைப் பூனைக்குச் செலவிட்டால் அது குற்றமே. ஆனால் பூனையைக் கைவிட்டவர்களெல்லாம் அந்தக் காசை ஏழைக்குக் கொடுத்துவிட்டார்களா? நம்மையே கேட்டுக்கொண்டோம். இரவில் மூன்று முறை எழுந்து பூனைக்குத் தண்ணீர் புகட்டியபோது, அடுத்த வீட்டு மூத்தம்மாவின் இருமல் சுவரைத் தாண்டிக் கேட்டது. அது பத்து நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்த இருமல்! நாம் ஒரு முறைகூட விசாரித்ததில்லை. அன்று விழித்திருந்ததால்தான் அது நம் உள்ளத்தில் விழுந்தது. விடிந்ததும் போய் நலம் விசாரித்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தோம். பெரியவரின் கேள்வி நியாயமானதே. ஆனால் அது பூனையைக் கைவிடச் சொல்லவில்லை. அண்டை வீட்டாரை நினைக்கச் சொல்லிற்று.

நான்காம் நாள் ஸுபுஹுக்கு எழுந்தபோது காலில் ஏதோ உரசியது. அல்ஹம்துலில்லாஹ்! பேச வாயில்லாதவற்றின் வேதனையையும், வாயிருந்தும் சொல்லாதவர்களின் வேதனையையும் உணரும் உள்ளத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.